ஒரு கடிகைப் பொழுது

சோளிங்கரில் மலையடியை அடுத்த கொண்டபாளையத்தில் தக்கான் குளம் எனப் பெயரிய குளம் ஒன்று உளது. பெரியமலைமேல் யோக நரசிம்மரும் அதற்கெதிரே சின்னமலைமேல் யோக ஆஞ்சநேயரும் கோயில் கொண்ட தலமாதலின், ஞாயிறுதோறும், சிறப்பாகக் கார்த்திகைத் திங்களில், அடியார் கூட்டம் அங்கே பெருகி நிற்கும். பெரியமலைக்குப் படிகள் 1,305, சின்னமலைக்கு 406. 2024-ஆம் ஆண்டில் பெரியமலைக்குக் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டது. படியேறுவோர் கைப்பொருளைப் பறித்தோடும் குரங்குகளைப் பற்றி எம்மூரார் கூறும் கதைகள் தனியே ஒரு நூலாகும். அவை ஈண்டு வேண்டா. யாம் எழுதப் புகுந்தது அக்குளக்கரையில் அமர்ந்திருக்கும் ஒருசாராரைப் பற்றி.

சித்தம் கலங்கினோரையும், பேய் பிடித்ததென்று உற்றார் கருதுவோரையும் இக்குளத்தில் நீராட்டி மலைமேல் வழிபடச் செய்யின் தெளிவு பிறக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அதனால் பல ஊர்களினின்றும் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். வருவோரெல்லாம் நோயாளியையே நோக்குகின்றனர்; அவர் சிரிப்பதையும், தனக்குத்தானே பேசுவதையும், திடீரென எழுந்து ஓடுவதையும் நோக்குகின்றனர். அவர் கையைப் பற்றிக்கொண்டு நனைந்த சேலையுடன் அருகே அமர்ந்திருக்கும் தாயை நோக்குவோர் சிலரே. அத்தாயின் பையில் எலுமிச்சம்பழமும் இருக்கும். மருத்துவமனைச் சீட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே பையில் சுமப்பவளைப் பார்த்து, இவள் அறியாமை உடையவள் என்று கூறக் கல்லூரியில் பயிலும் நமக்கு நா எழுகின்றது. அவள் எல்லாக் கதவுகளையும் தட்டுகின்றாள் என்பதே உண்மை. எக்கதவு திறக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மணிமேகலை பயின்றோர் மலர்வனம் புக்க காதையில் வரும் பித்தனை மறந்திரார். அலரியும் எருக்கும் தொடுத்த மாலையணிந்து, கந்தல் சுற்றி, அழுதும் விழுந்தும் அரற்றியும் புகார் நகரத்துத் தெருவில் அவன் திரிகின்றான். ஊரார் அவனைப் பின்தொடர்ந்து, அவன் துன்பத்தைக் கண்டு வருந்தி நிற்கின்றனர். சாத்தனார் அவர்களைக் கல்லெறிவோராகக் காட்டவில்லை என்பது நமக்குப் பெருமை தருவது. எனினும் அவர்கள் நின்றார்கள்; கண்டார்கள்; வருந்தினார்கள்; அவ்வளவே. அவனுக்குத் தாய் உண்டா, இரவில் அவன் எங்கே உறங்குவான் என்று வினவியவர் அக்காதையில் ஒருவரும் இலர். இறைவனையே பித்தன் என்று அழைத்த அடியார் பிறந்த நாட்டில், மெய்யாகவே பித்துற்றவன் வீட்டாருக்கு ஒரு வாய்ச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் ஏன் வேரூன்றவில்லை என்று யாம் பன்முறை எண்ணியதுண்டு.

எண்ணியதற்குக் காரணம் உண்டு. எமக்கு எதிர்வீட்டில் யாம் அத்தை என்றழைக்கும் ஒருவர் வாழ்கின்றார். அவர் மகன் எம்மினும் சில ஆண்டு மூத்தவர். பள்ளியில் எமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பத்தொன்பதாம் வயதில் அவருக்கு உறக்கம் கெட்டது. பின்பு யாரோ தம்மை ஏசும் குரல் கேட்பதாகக் கூறினார். பின்பு வீட்டை விட்டு வெளிவருவதை நிறுத்தினார். குளத்தில் நீராட்டினர், ஒரு செபவீட்டில் நாற்பது நாள் உபவாசம் இருத்தினர், இறுதியில் மருத்துவரிடம் சென்றனர். குரல்கள் அடங்கின. ஆனால் அதற்குள் எம் தெருவும் அடங்கிவிட்டது. அவ்வீட்டுக்குப் பலகாரத் தட்டுப் போவது நின்றது. அக்காளைப் பெண் பார்க்க வந்தோர் தெருமுனையிலேயே செய்தியறிந்து திரும்பினர். வீட்டுக்கூட்ட செபம் முறைவைத்து நடக்குங்கால் அவ்வீட்டின் முறை மட்டும் ஒருவரும் சொல்லாமலே விடுபட்டது. ஆராதனையில் ‘நோயுற்ற சகோதரர்களுக்காக’ என்று பொதுவாக வேண்டிக்கொள்ளப்பட்டது. அப்பொதுச்சொல்லில் அவர் பெயர் கரைந்துபோயிற்று.

ஒரு நாள் மாலை அத்தை எம் வாயிலில் வந்து, “தம்பி, ரேஷன் கடைக்குப் போய் வந்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் அண்ணனோடு உட்கார்ந்திருக்கிறாயா?” என்றார். மறுநாள் தேர்வு உளது என்றோம். தேர்வு இருந்தது மெய். ஆயின் யாம் மறுத்தது தேர்வினால் அன்று. அஞ்சினோம். அவர் வீட்டைப் புறத்தே பூட்டிக்கொண்டு சென்றார். உள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை நெடுநேரம் எமக்குக் கேட்டது. அத்தை திரும்பிவந்து திறந்தபோது அண்ணனின் வலக்கை வீங்கியிருந்தது. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டியிராது போலும்.

இந்நோயைக் குறித்துச் சிறிது தெளிவு வேண்டும். மனச்சிதைவு எனப்படுவது பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே தலைகாட்டுவது. அஃதாவது இம்மலரைப் படிக்கும் நம் வயதில் வருவது. பெற்றோர் வளர்ப்பின் குற்றத்தாலோ, முன்னோர் பாவத்தாலோ வருவதன்று. பிறப்பு வழியே வரும் இயல்பும், மூளையின் செயலில் நேரும் மாறுதலும், வாழ்க்கைச் சூழலும் கூடி விளைவது. மருந்து பெரும்பாலோர்க்குப் பயன் தரும். ஆனால் குரல் நின்றவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் நோய் மீளுதல் பெரிதும் நிகழும். மீளும் ஒவ்வொரு முறையும் குடும்பத்தின் கையிருப்பில் ஒரு பகுதி போகும். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் கடும் மனநோயுடையோர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். அவருள் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதோர். நூற்றுக்கு ஒருவர் எனின் சிறுதொகை என்று தோன்றும். ஒரு நோயாளி உள்ள வீட்டில் நால்வர் ஐவர் உளர் என்பதையும் கூட்டிப் பார்க்க.

குடும்பமே மருத்துவமனை என்று நம் நாட்டில் சொல்லாமலே கொள்ளப்பட்டுளது. இக்கொள்கைக்கு ஒரு நல்ல வரலாறும் உண்டு. அது நம் அண்டையிலேயே நிகழ்ந்தது. மேனாடுகளில் பித்தரை உற்றாரினின்று பிரித்து நெடுமதிலுக்குள் வைத்த காலத்தில், 1950-களில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து உற்றாரை நோயாளியுடன் தங்கவைத்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல நிலையத்தைத் தொடங்கியபோது, கனடா நாட்டு மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அவ்வழியையே மேற்கொண்டனர். நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கியே ஆகவேண்டும் என்பது அங்கே முறையாயிற்று. தங்கும் உறவினர் நோயின் இயல்பை அறிகின்றார். மருந்தின் வேளையை அறிகின்றார். தம்மைப்போல் துன்புறும் வேறு குடும்பங்களையும் காண்கின்றார். சோளிங்கருக்கு எட்டாத தொலைவில் நடந்ததன்று இது. பேருந்தேறிப் போய்வரும் தொலைவே.

ஆயினும் ஒரு குறை. பாகாயத்தில் சில வாரம் தங்கி மீளும் தாய், மீண்டு வருவது எங்கே? எம் தெருவுக்கே. மருத்துவர் அவளுக்குக் கற்பித்ததெல்லாம் அவளோடு வருகின்றது. தெருவுக்குக் கற்பிப்பார் இலர். அவளும் மூப்படைகின்றாள். ‘எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?’ என்பதே இத்தகைய வீடுகள்தோறும் இரவில் எழும் வினா. இதற்கு மருந்துச்சீட்டில் விடை இல்லை.

இவ்விடத்தில் இரண்டு ஊர்களை நினைக்க வேண்டும். இரண்டும் சோளிங்கரைப்போலத் திருத்தலத்தால் பித்தரை ஈர்த்த ஊர்கள்.

ஒன்று பெல்ஜிய நாட்டில் உள்ள கீல். புனித திம்ப்னா என்னும் கன்னியின் கோயிலுக்கு மனநோயாளரை அழைத்துவருதல் அங்கே இடைக்காலம் தொட்டு வழக்கம். கோயிலை ஒட்டிய விடுதி நிறைந்து வழிந்தபோது, ஊரார் தத்தம் வீடுகளில் அவர்களுக்கு இடம் கொடுத்தனர். சில நாள் என்று வந்தவர் பல ஆண்டு தங்கினர், வீட்டாருடன் உண்டனர், வயலில் உழைத்தனர், அவ்வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தனர். 1938-இல் அவ்வூரில் இவ்வாறு வீடுகளில் தங்கியிருந்தோர் 3,700-க்கும் மேற்பட்டோர். கீல் மக்கள் தேவதூதர் அல்லர். உணவுக்கும் உறையுளுக்கும் பணம் பெற்றனர். வந்தவரின் உழைப்பையும் பயன்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கம் மருத்துவக் கண்காணிப்பை ஏற்படுத்தியது. இன்று அங்கே அவ்வாறு தங்குவோர் தொகை மிகக் குறைந்துவிட்டது. எனினும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. அவ்வூர்க் குழந்தை பித்தரைக் கண்டு அஞ்சுவதில்லை. பிறந்தது முதல் கண்டு பழகியதே காரணம்.

மற்றொன்று நம் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடி. அங்குள்ள தர்காவை நாடி மனநோயாளரை அழைத்துவந்தோர் பலர். தொடர்ந்து தங்க வகையற்ற குடும்பத்தார், தனியார் நடத்திய கொட்டகைகளில் அவர்களை விட்டுச் சென்றனர். ஓடிவிடாதிருக்கச் சங்கிலி பூட்டப்பட்டது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையின் எழுந்தோட இயலாது 28 பேர் மாண்டனர். அதன்பின் அங்கிருந்த கொட்டகைகள் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரித்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என விதித்தது. தீயைக் குறித்து நாம் அழுதோம். அச்சங்கிலி எப்போது பூட்டப்பட்டது என்று யாம் கேட்கின்றோம். கொட்டகைக்காரன் பூட்டுமுன்னரே, அக்குடும்பத்தின் தெருவார் அவர்கள் வாயிலை விட்டு விலகிய நாளில், அதன் முதற்கண்ணி வார்க்கப்பட்டதன்றோ? எதிர்வீட்டுக் கதவு பூட்டப்பட்ட அம்மாலையை நினைக்குந்தோறும் எமக்கு ஏர்வாடி நினைவு வருகின்றது.

ஒரே வகைத் தலம். ஒரே வகை நம்பிக்கை. ஓரூரில் அது வீட்டைத் திறந்தது. மற்றோரூரில் கொட்டகை ஆயிற்று. வேற்றுமை நம்பிக்கையில் இல்லை. ஊரார் என் செய்தனர் என்பதில் உளது. ஆதலின் குளத்தையும் மலையையும் பழித்துப் பேசுவோருடன் யாம் சேரோம். தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் மருந்தின்றித் தங்கிய 31 நோயாளரை ஆராய்ந்து இரகுராம் முதலிய மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்களவு தணிந்தன என்று கண்டுரைத்தனர். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில், உறவினர் ஒருவர் உடனிருக்கத் தங்கியமையே அதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. இதனால் மருந்து வேண்டா என்று முடிவு செய்தல் பெரும்பிழை. அண்டை இருப்போரின் இன்முகமும் ஓரளவு துணைசெய்யலாம் என்பதற்கு மட்டும் இதனைச் சான்றாகக் கொள்வோம். மருந்தை நிறுத்துக என்று கட்டளையிடும் செபவீட்டாரும் நம்மவருள் உளர். அவர்கள் தம் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குவதை நிறுத்தக் காணோம்.

மறுப்போர் கூறுவன இரண்டு. வன்முறைக்கு அஞ்சுகின்றோம் என்பர். மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதோர். பிறரால் தீங்குறுவோரே அவருள் மிகுதி. இரண்டாவது, அது அவர்கள் வீட்டுச் செய்தி. பிறர் புகுதல் முறையன்று என்பர். பிறர் புகாத வீட்டின் நிலையைத் தோல் தொழில் சூழ்ந்த நம் நாட்டில் வைத்துப் பார்ப்போம். இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கங்களில் தோல் பதனிடும் சாலைகளிலும், ஊரார் ‘ஷூ கம்பெனி’ என வழங்கும் காலணித் தொழிற்சாலைகளிலும் எத்துணையோ பெண்கள் வேலை செய்கின்றனர். அவருள் ஒருத்தியின் மகனுக்கோ கணவனுக்கோ இந்நோய் வந்தால், கம்பெனி வண்டி வரும் வேளையில் அவள் என் செய்வாள்? வேலைக்குச் சென்றால் நோயாளி தனித்திருப்பான். செல்லாவிடின் கூலி போகும். கூலி போனால் மருத்துவமனைக்குப் போகும் பேருந்துச் செலவும் போகும். பூட்டும் சங்கிலியும் கொடுமையால் மட்டும் வருவன அல்ல; காலை ஏழு மணிக்கு வேறு வழியில்லாமையாலும் வருகின்றன. வீட்டுச் செய்தி என்று விலகுவோர் இவ்வேழு மணிக்கு விடை கூறட்டும்.

விடை அத்துணை அரிதன்று. கோவா, மகாராட்டிரத்துச் சாத்தாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்றிடங்களில் மனச்சிதைவுற்ற 282 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. காஞ்சிபுரப் பணியை ஏற்றது, சாரதா மேனன் அம்மையார் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். மருத்துவம் பயிலாத, உள்ளூரிலேயே வாழும் பணியாளர்க்குச் சிறிது பயிற்சியளித்து, நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினர். அவர்கள் மருந்து உண்ணப்படுகின்றதா என்று பார்த்தனர். வீட்டாரின் ஐயங்களைக் கேட்டனர். வேலைக்கும் வெளிப்பழக்கத்துக்கும் மெல்ல மெல்ல வழிகாட்டினர். மருத்துவமனைக்கு மட்டும் சென்றவரைக் காட்டிலும் இவ்வாறு துணைபெற்றோர் ஓரளவு மேம்பட்டனர்; அம்மேம்பாடு தமிழ்நாட்டுப் பகுதியிலேயே தெளிவாகக் காணப்பட்டது. ஓரளவு என்றே சொன்னோம், மிகைப்படுத்தவில்லை. அவ்வளவேனும் செய்தது யார்? நம்மைப்போலப் பள்ளிப்படிப்பு முடித்த சாதாரண மனிதர்.

நற்செய்தி நூலில் கல்லறைகளினிடையே வாழ்ந்த ஒருவனைப் படிக்கின்றோம். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்துக் கைவிட்டனர். தெளிவுபெற்றபின் அவன் ஆண்டவருடன் போக விரும்பினான். ஆண்டவர் அவனை உடன்கொள்ளாது வீட்டாரிடத்துக்கு அனுப்பினார். இப்பகுதியைக் குறித்துப் பிரசங்கங்கள் பல கேட்டுளோம். எல்லாம் பன்றிகளைப் பற்றியே விரிந்தன. அவன் வீடு திரும்பியபோது தெருவார் வாயிலில் நின்று வரவேற்றனரா, கதவைச் சாத்தினரா என்பதை ஒருவரும் ஆராயக் கேட்டிலேம். எமக்கோ அதுவே அறிய வேண்டுவதாகத் தோன்றுகின்றது.

சபையார் பெருந்தொண்டு செய்ய வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. இல்லம் கட்டவும் சங்கம் நிறுவவும் பின்னர் எண்ணலாம். மருந்து வாங்க மாதம் ஒருமுறை உடன்செல்ல ஒருவர், அக்காளின் திருமணப் பேச்சில், இந்நோய் அக்குடும்பத்தின் குற்றமன்று என்று நாலு பேர் முன்னிலையில் சொல்ல ஒருவர், விடுபட்ட வீட்டுக்கூட்ட முறையை மீண்டும் அவ்வீட்டில் வைக்க ஒரு மூப்பர், இவை போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளில் மருந்து விலையின்றிக் கிடைக்கும் என்பதும், டெலி-மானஸ் என்னும் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசி அறிவுரை பெறலாம் என்பதும் குளக்கரையில் வருவோர் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்படின், அந்தத் தாயின் பைக்கு ஒரு கதவு புலப்படும். கோயிலார் இதற்கு இசைவர் என்றே நம்புகின்றோம். அக்குடும்பங்களை நம்மினும் நன்கறிந்தோர் அவர்கள். குளக்கரைத் தேநீர்க்கடைக்காரர், டோலி தூக்குவோர், தங்கும் அறை தருவோர் ஆகியோரும் அங்ஙனமே. கீல் ஊரார் தொடங்கியதும் இத்தகையோரைக் கொண்டேயாம்.

மாணவர் செய்யக்கூடியது இன்னும் எளிது. திருக்கடிகை என்பது சோளிங்கரின் பழம்பெயர். கடிகை என்பது ஒரு நாழிகை. இக்கால அளவில் 24 நிமிடம். அங்கே ஒரு கடிகை தங்கினாலே வீடுபேறு எய்தலாம் என்பது வைணவர் கொள்கை. அக்கொள்கையை ஆராயும் தகுதி எமக்கில்லை. ஆயின் அத்தை எம்மிடம் கேட்டது ஏறக்குறைய இரண்டரைக் கடிகை. அதனை யாம் கொடுத்திலேம்.

இவ்வாண்டு ஆடித் திங்கள் முதல் சனிக்கிழமைதோறும் அவ்வீட்டுக்குப் போகின்றோம். முதல் இரண்டு வாரமும் அண்ணன் சுவரை நோக்கியே அமர்ந்திருந்தார். யாம் பாடநூலைப் படித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்தோம். ஐந்தாம் வாரம் எம் ஆடுகளை ஒவ்வொன்றாக வெட்டி, நிமிர்ந்து பார்த்து, “நீ கணக்கிலும் இப்படித்தான் அவசரப்படுவாய்” என்றார். அத்தை அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தமையால் இதனைக் கேட்டிலர், வந்தபின் சொன்னோம். இப்போது எம் வகுப்புத் தோழர் இருவரும் முறைவைத்து வருகின்றனர். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை. பருவத் தேர்வு நெருங்குவதால் முறை மாற்றிக்கொள்ள இன்னும் ஒருவர் வேண்டும்.